சந்தனம் அடைத்த தாளப்பெட்டி

இதில் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். முறைப்படி சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துத்தான் சத்தியம் செய்திருப்பேன். வீட்டில் சூடம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் எரிந்துகொண்டிருந்த கொசுவர்த்திச் சுருளை அணைத்து, கிழக்கே பார்த்துச் சத்தியம் செய்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கொசு கடிக்கிறது. பொய் சொல்லுகிற ஆளாக இருந்தால் இந்தக் கடியைத் தாங்கிக்கொண்டு எழுதுவானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு தாளப்பெட்டியைப் பற்றியது. மேளக்காரர் இல்லாமலே மேளம் அடிக்கும் மின்சாரப் பெட்டி. கச்சேரிக்காரர்கள் ரிதம் பாக்ஸ் என்பார்கள். கீழே வரிசையாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளைப் பொத்தான்கள். மேலே பட்டாணி பட்டாணியாகத் திருகுகள். அமுக்கிவிட்டால் பாட்டு முடியும்வரை தானே அடித்துக்கொண்டிருக்கும். வெற்றிலை கேட்காது, நடுவில் எழுந்து பீடி குடிக்கப் போகாது. அதனிடம் சொல்லிக்கொள்ளும்படியான குணம் அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி பிறந்த காலத்திலேயே அதைச் செய்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்களாம். மேளம் மாதிரியே இல்லை என்று வெளிநாட்டில் எவரும் வாங்கவில்லை. வாங்காதவர்களுக்குக் காது இருந்தது என்று அர்த்தம். கைத்தட்டல் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் ஈரக் கோணியைக் கல்லில் அடித்த சத்தம் வரும். மாட்டுமணி என்று ஒன்று. எங்கள் ஊரில் அதைக் கேட்டு ஒரு கன்றுக்குட்டிகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பெரிய மேளம் மட்டும் ஒரு தினுசு. ‘தொம்’ என்று விழுந்தால் நேராக வயிற்றுக்குள் இறங்கும். முன்வரிசையில் இருப்பவர்களுக்குச் சாப்பிட்டது அந்தக் கணமே செரித்துவிடும். ஓமத் தண்ணீர் விற்றுப் பிழைத்த கடைக்காரர் ஒருவர் இதனாலேயே எங்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்புகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். வில்லியனூரில் இருந்த அப்படிப்பட்ட சொல்தா ஒருவர், பிரான்சில் யாரோ குப்பையில் போட இருந்த பெட்டியை மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டு அம்மாள் அதைப் பரண்மேல்கூட வைக்க இடம் தரவில்லை. அப்போது இளவட்டமாக இருந்த வீரமணி அதைக் கேட்டு வாங்கிவந்து ‘வீரமணி இன்னிசைக் குழு’ என்று போர்டு எழுதி மாட்டினான். எங்கள் ஊர் பாகூர் கொம்யூன் என்கிற வட்டாரத்தில், சோரியாங்குப்பத்துக்கு இந்தப் பக்கம். குழுவில் ஆண் குரல் வீரமணி. பெண் குரல், பாட வந்த இடத்தில் அவனையே கட்டிக்கொண்ட செல்வகுமாரி. மூன்றாவது ஆள் பெட்டி. நாலாவது ஆள் சேர்ந்ததே இல்லை.

ஆயுத பூசைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. வீரமணி வீட்டில் அது கொஞ்சம் தாராளம். கரும்பு வெட்டும் கத்திக்கு ஒரு பொட்டு, மோட்டாருக்கு ஒரு பொட்டு, பெட்டிக்கு மட்டும் திருகுக்கு ஒரு பொட்டு. போன வருஷத்துப் பொட்டைச் சுரண்டுவது ஆகாது என்பதால் பொட்டின் மேல் பொட்டு. இப்படியே போய், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு சந்தனத்துக்குள் புதைந்து, சிமெண்டு வைத்தது போல நின்றுவிட்டது. அன்றிலிருந்து பெட்டிக்கு ஒரே வேகம்.

தாலாட்டும் அந்த வேகம். குத்துப்பாட்டும் அந்த வேகம். பிள்ளையார் துதியும், கணவனைப் பறிகொடுத்தவள் அழுகிற பாட்டும் அதே வேகம். வேறு ஊராக இருந்தால் செருப்பு பறந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு விவரம் கிடையாது. அவர்கள் பெட்டியைச் சந்தேகப்படவில்லை, ரேடியோவைச் சந்தேகப்பட்டார்கள். “இன்னாபா, ரேடியோகாரன் இப்டி ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுறான், எங்கனா பஸ்ஸ புடிக்கணுமா அவன்” என்று வருத்தப்பட்டார்கள். ஊரில் பிறந்த பிள்ளைகள் அந்த வேகத்திலேயே நடை பழகின. பாகூர் ஏரிக்கரையில் ஒருத்தர் தூரத்தில் நடந்துபோனால், முதுகைப் பார்த்தே எங்கள் ஊரா இல்லையா என்று சொல்லிவிடலாம். மேடைக்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை போடும் தையலம்மாள் எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்ப்பதே இல்லை. பல்லவி முடிந்தால் திருப்பு, சரணம் முடிந்தால் எடு. அவ்வளவுதான் கணக்கு. எந்தப் பாட்டானாலும் பஜ்ஜி ஒரே பதம்.

போன வருஷத்துத் திருவிழாவில் பெட்டி உயிரை விட்டது. பாட்டு நடுவில் அதற்குள்ளிருந்து புகை வந்தது. ஜனங்கள் அது மேடை அலங்காரம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். புகை அதிகமாக அதிகமாகக் கைதட்டலும் அதிகமானது. பெட்டி கருகி முடித்தபோது ‘மறுக்கா, மறுக்கா’ என்று விசில் அடித்தார்கள். ரசனை என்றால் அது எங்கள் ஊரில்தான்.

விழாக்குழுத் தலைவர் குமரவேல் மறுநாள் வீரமணியைக் கூப்பிட்டனுப்பினார். ஏரிப் பாசனத்தில் கரும்பு போடுகிறவர். கரும்பு நன்றாக விளைந்த வருஷங்களில் சங்கீதமும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

“பொகையெல்லாம் நல்லாத்தான் கீது வீரமணி. ஆனா பாட்டு பாதியில நின்னு போச்சேப்பா.”

“பெட்டி பூட்ச்சிண்ணா.”

“பூட்ச்சின்னா வேற பாரு. பசங்க தவளக்குப்பத்துலேருந்து டீஜே கொண்ணாரணும்னு உயிர எடுக்கிறானுங்க. உனுக்காவத்தான் நான் வாய மூடிக்கினு கீறேன். வர்ற திருவிழாவுல ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு நடுவுல நின்னுச்சின்னு வையி, மேடை அவனுங்களுக்கு. அப்பறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது.”

வீரமணி பயந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாண வீடுகள் எல்லாம் எப்போதோ அவனைக் கைவிட்டுவிட்டன. காதுகுத்துக்குக்கூட இப்போது ஒரு செல்போனும் ஒரு பெரிய ஸ்பீக்கரும் போதும். மிச்சம் இருந்தது இந்த ஒரு மேடைதான். அவனிடம் ஒரு ஜிகினா கோட்டு இருந்தது. வருஷம் முழுவதும் அவன் சேற்றுக்காலோடு மடை திருப்பும் வீரமணி. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் கோட்டுப் போட்ட வீரமணி. மேடை போனால் கோட்டு பரணுக்குப் போகும்; அதன் பிறகு அவன் வெறும் மடை திருப்புகிறவன்தான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை கோட்டை வெயிலில் காயப்போட ஆரம்பித்தான்.

மார்கழியில் சேவியர் வந்தான். அந்தச் சொல்தாவின் மகன். பிரான்சில் குளிர் தாங்கவில்லை என்று வருஷா வருஷம் இங்கே வந்து, இங்கேயும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு அலைகிற ஆள். பெட்டி போன சேதி அவனுக்குப் போயிருந்தது. கையோடு ஒன்று கொண்டுவந்திருந்தான்.

வீரமணி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பிறந்த குழந்தையைத் துணியிலிருந்து பிரிப்பது போலப் பிரித்தான். அதே பெட்டி. அதே சிவப்பு, அதே ஆரஞ்சு, அதே பட்டாணித் திருகுகள்.

“இன்னா தம்பி, பழசு மாதிரியே கீது. புதுசு கெடைக்கலியா?” என்றாள் செல்வகுமாரி.

“புதுசுதான் அக்கா. பழசு மாதிரியே மறுபடி செஞ்சிருக்காங்க. அதான் இதுல விசேஷம்.”

“பழசு எங்க வூட்டுக் கொல்லையில கீது. கோழி அதுமேல ஒக்காந்து முட்ட வுடுது. அத்த வோணா நீ எடுத்துக்க.”

“கைத்தட்டலக் கேளுங்க. அச்சு அசல்.” பொத்தானை அமுக்கினான். ஈரக் கோணி.

“இத்தினி வருசத்துல இத்த சரி பண்ணியிருக்கலாமே. இன்னா பண்ணிக்கினு இருந்தானுங்க?”

“சரி பண்ணிட்டா அது அந்தப் பெட்டி இல்லையே அக்கா.”

“அப்ப எங்க வூட்டுக்காரர மறுக்கா செஞ்சாலும் கொறட்டையோடத்தான் செய்வானுங்கன்னு சொல்லு.”

சேவியர் சிரிக்கவில்லை. பெட்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் இந்த விஷயத்தில் சிரிக்கிற ஜாதி இல்லை. எங்கேயோ ஒரு கம்பெனிக்காரன், அந்தக் காலத்தில் விலைபோகாத பெட்டியைத் தேடிப் பிடித்து, பிரேதப் பரிசோதனை செய்வது போலப் பிரித்து, அதன் குறைகளை ஒன்று விடாமல் பார்த்து, அதே குறைகளோடு இப்போது செய்து விற்கிறானாம். அம்மைத் தழும்பு விழுந்த முகத்துக்கு அச்சு எடுத்து, தழும்பு தழும்பாகப் பொம்மை செய்கிற வேலை. அதை வாங்க உலகம் முழுக்கத் தாடி வைத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்களாம். அசலைப் பார்த்துக் காறித் துப்பியவர்களின் பிள்ளைகள்தான் இவர்கள். அப்பன் குப்பையில் போட்டதை மகன் பட்டுத்துணியில் சுற்றி வாங்குகிறான். நடுவில் பெட்டி செய்கிறவன் ஒருவனுக்குத்தான் மூளை இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கு நடுவே வீரமணி கையை நீட்டினான். ஒரு திருகைத் தொட்டுப் பார்த்தான். அது சுழன்றது. திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். சுழலும் திருகை அவன் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

ஒத்திகை ஆரம்பித்தார்கள். சேவியர் செல்போனில் அசல் பாட்டைப் போட்டுக் கேட்டு, அதன் வேகத்துக்குத் திருகை வைத்தான். பெட்டி ஓடியது. வீரமணி இரண்டாவது வரியைப் பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துபோயிருந்தது.

“பாட்டு நம்மள வுட்டுட்டு ஓடுதுடா.”

“இதுதான் அண்ணே பாட்டோட சரியான வேகம்.”

“சரியான வேகம் எவனுக்கு வோணும்? எங்க வேகம் வோணும்.”

அந்தச் சமயம் பார்த்து மாவு அரைத்துக்கொண்டு போன தையலம்மாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இதுல பஜ்ஜி வேவாது வீரமணி” என்றாள்.

கச்சேரி நிலவரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எங்கள் ஊர்க் கால்களும் கைகளும் பழைய வேகத்துக்குப் பழகியவை. வேறு வேகத்தில் அடித்தால் ஆடுகிறவன் விழுவான், ஆடுகிறவன் விழுந்தால் ஜனங்கள் கூச்சல் போடுவார்கள், கூச்சல் போட்டால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் டீஜே. ஆனால் பழைய வேகம் எவ்வளவு என்று வீரமணிக்கே தெரியாது. பழைய பெட்டி செத்துக் கிடக்கிறது. திருகு சந்தனத்துக்குள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

“தையலு, அடுப்ப எடுத்துக்கினு வா” என்றாள் செல்வகுமாரி.

முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். சேவியர் திருகைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தான். செல்வகுமாரி பாடினாள். பல்லவி முடிந்ததும் தையலம்மாள் திருப்பினாள், சரணம் முடிந்ததும் எடுத்தாள். எல்லோரும் பிட்டுத் தின்று பார்த்தார்கள். உள்ளே மாவு. திருகை மயிரிழை குறைத்தார்கள். அடுத்தது ஓரம் கருகியது. மயிரிழை கூட்டினார்கள். இப்படி வாழைக்காய் எல்லாம் தீர்ந்து, கத்தரிக்காயும் தீர்ந்து, கடைசியில் வெங்காயத்தில் பதம் வந்தது. பொன் நிறம். சேவியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகிலிருந்து விரலை எடுத்தான். வெளிநாட்டில் இதற்கென்று படித்தவர்கள் என்னென்னவோ கருவி வைத்திருப்பார்களாம். அவர்களுக்கு வெங்காய பஜ்ஜியைப் பற்றித் தெரியாது.

திருகு நகராமல் இருக்க வீரமணி அதன்மேல் ஒரு உருண்டை சந்தனத்தை வைத்து அப்பினான். சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அண்ணே, வாரண்டி போயிடும்.”

“போனா போவட்டும். வேகம் நிக்குதா பாரு.”

நின்றது. திருவிழாவரை தினமும் ஒத்திகை. ஒரு பாட்டுகூடப் பிசகவில்லை. தையலம்மாள் வந்து கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வீரமணியின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது.

கெடுத்தவர் குமரவேல். திருவிழா அன்று சாயங்காலம், வெளிநாட்டுப் பெட்டி மேடை ஏறுகிறது என்றால் அதற்குத் தக்கபடி மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோயில் பூசாரி சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, “ஒரு திருகு வுடாம பொட்டு வெய்யி பூசாரி, நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது” என்றார்.

சின்னப்பிள்ளை எந்த வேலையையும் பாதியில் விடுகிறவர் இல்லை. அவர் நெற்றியில் பொட்டு வைத்தால், கட்டைவிரலை அழுத்தி, வட்டமாக வர வேண்டும் என்று ஒரு திருப்புத் திருப்புவார். நெற்றிக்கு அது நல்லது. அதே திருப்பைத் திருகு திருகாகக் கொடுத்துக்கொண்டே போனார். வேகத் திருகில் இருந்த பழைய சந்தனத்தையும் பன்னீர் விட்டு இளக்கி, புதிதாகக் குழைத்து அப்பி, ஒரு திருப்பு. பெட்டிக்கு மேலே எலுமிச்சம்பழம். அதற்கும் ஒரு பொட்டு.

வீரமணி அப்போது மேடைக்குப் பின்னால் கோட்டுக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்தில் உடம்பு கொஞ்சம் கூடியிருந்தது. பொத்தான் மாட்டி முடித்து அவன் வெளியே வந்தபோது பெட்டி மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சாமிக்கு முன்னால் பூசாரி வைத்த பொட்டு. அதைத் துடைத்தால் டீஜே வரும்வரைகூட ஊர் காத்திருக்காது.

கச்சேரி ஆரம்பித்தது. பிள்ளையார் துதி. ஏறக்குறைய பழைய வேகம்தான். வீரமணி பிள்ளையாரை நிஜமாகவே கும்பிட்டான். ஆனால் குமரவேலின் ஏற்பாட்டில் மேடையின் நாலு மூலையிலும் ஆளுயர போக்கஸ் விளக்குகள். அந்தச் சூட்டில் சந்தனம் காய ஆரம்பித்தது. காய்கிற சந்தனம் சுருங்கும். நெற்றியில் அப்பிக்கொண்டவர்களுக்குத் தெரியும், தோலையே இழுத்துப் பிடிக்கும். வேகத் திருகை அது இழுத்துப் பிடித்தது. மெதுவான பக்கமாக.

இரண்டாவதாகக் குத்துப்பாட்டு. அது தாலாட்டாக வந்தது. ஆட எழுந்த இளவட்டங்கள் சேற்றில் நடக்கிறவர்கள் போலக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார்கள். பிறகு இன்னும் இறங்கியது. ஒரு ‘தொம்’முக்கும் அடுத்த ‘தொம்’முக்கும் நடுவில் முதலில் ஒரு மூச்சு விட முடிந்தது. பிறகு ஒரு பஜ்ஜி தின்ன முடிந்தது. பிறகு பஜ்ஜி தின்று, கை கழுவி, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்க முடிந்தது.

முத்துக்குமார் என்று ஒருவன், டீஜே வேண்டும் என்று அதிகமாகக் கத்தியவன், வலது காலைத் தூக்கியிருந்தான். அடி விழாமல் காலைக் கீழே வைப்பது ஆட்டத்துக்கு அவமானம் என்று அப்படியே நின்றான். அவன் தோழர்கள் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஒருவன் பைக்கில் பாகூர் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். கால் நாற்காலியில்தான் இருந்தது.

செல்வகுமாரியின் பாடு அதைவிட மோசம். ‘காதல்’ என்ற சொல்லில் ‘கா’வைப் பாடிவிட்டாள். ‘த’ வர வேண்டுமானால் அடி விழ வேண்டும். ‘கா’ என்று நீட்டிக்கொண்டே நின்றாள். வேப்பமரத்தில் அடைந்திருந்த காக்கைகள் மரியாதைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தன. கடைசியில் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“யோவ், அந்தத் திருகத் திருப்பேன்யா.”

“சாமிப் பொட்டுடி. கை வெச்சா கைய ஒடச்சிருவானுங்க.”

“அப்ப அந்தத் தம்பிய வரச் சொல்லு.”

சேவியர் வந்தான். குல்லாயைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். “இந்த மாதிரி ஒரு சத்தம் உலகத்துலயே கிடையாது அக்கா. தயவுசெஞ்சி தொடாதீங்க.”

“எனுக்கு மூச்சு நின்னு போனா அதுவும் உலகத்துலயே கெடையாதா?”

குமரவேல் அந்த இடைவெளியில் மேடை ஏறினார். தலைமையுரை ஆற்றினார். வந்தவர்களை வரவேற்றார், வராதவர்களைக் கண்டித்தார், தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார், நன்றி கூறினார். இறங்கப் போனவர் நின்று காதைத் தீட்டினார். அடி இன்னும் விழவில்லை.

கூட்டம் பெட்டியை எட்டி எட்டிப் பார்த்தது.

“நின்னு போச்சா?” என்றார் ஒருவர்.

“நிக்கல. வரும்.”

“இன்னாத்த வரும். பெட்டி பூட்ச்சி. போன வருசமாச்சும் பொக வந்திச்சி.”

முத்துக்குமார் காலை நாற்காலியிலிருந்து எடுக்காமலே சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான். தவளக்குப்பம் டீஜேயின் நம்பரை அவன் பெயர் போட்டு வைத்திருந்தான். குமரவேல் மேடை நடுவில் வந்து, தீர்ப்புச் சொல்லுகிறவர் போல வலது கையைத் தூக்கினார். வீரமணி அவர் கையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோட்டின் ஜிகினா முழுவதும் வியர்வை. ஒரே ஒரு அடி. அது விழுந்தால் அவன் மேடைக்காரன், விழாவிட்டால் மடை திருப்புகிறவன். உதடு அசைந்தது; பிள்ளையாரைக் கூப்பிட்டானா பெட்டியைக் கூப்பிட்டானா என்று தெரியவில்லை.

“அப்ப பாட்டு நின்னு போச்சின்னு விழாக்குழு சார்பா…” என்று குமரவேல் ஆரம்பித்தார்.

தொம்.

அவ்வளவு நேரம் தேக்கி வைத்த அடி. தென்னந்தோப்பில் முற்றின காய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. குமரவேலின் மூக்குக்கண்ணாடி முன்வரிசைக்குப் போய், வேறு ஒருவர் மூக்கில் உட்கார்ந்தது. அது அவருக்குப் பொருத்தமாகவும் இருந்தது. சோரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள், ஒருவர் தன் வீட்டு ஓடு சரிந்துவிட்டது என்று மறுநாள் சண்டைக்கு வந்தார். வேறு மாநிலம் என்பதால் விவகாரம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. முத்துக்குமாரின் கால் தரையில் பட்டது. அவன் அடுத்த காலைத் தூக்கினான்.

அதன் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. எழுந்தவர்களும், அடுத்தது விழட்டும் போகலாம் என்று உட்கார்ந்தார்கள். தையலம்மாள் மட்டும் தன் கணக்கில் பிசகாமல், பல்லவி முடியும்வரை காத்திருந்து திருப்பி, சரணம் முடிந்து எடுத்தாள். எடுத்தது கரித்துண்டு. ஜனங்கள் அதையும் வாங்கித் தின்றுவிட்டு, இந்த வருஷம் பஜ்ஜியில் ஒரு தனி மணம் என்றார்கள். நான் முன்பே சொன்னேன், ரசனை.

மொத்தக் கச்சேரியில் இரண்டரைப் பாட்டு. ஒன்றுகூட நிற்கவில்லை. விழாக்குழு கூடிப் பேசியது. தாம்பாளத்தில் பொன்னாடை வந்தது. வீரமணி குனிந்து கழுத்தை நீட்டினான். குமரவேல் அவனைச் சுற்றிக்கொண்டு போய், பெட்டிக்குப் போர்த்தினார்.

“இந்த மாதிரி ஒரு கச்சேரி நான் பார்த்ததில்லப்பா. அடுத்த வருசமும் மேடை இதுக்குத்தான்.”

“நாங்கண்ணா?” என்றான் வீரமணி, கழுத்தை நிமிர்த்தாமல்.

“பாட்டு எதுக்குப்பா நடுவுல? இதுவே போதும். நீ வந்து பொத்தான அமுக்கிட்டு ஓரமா நில்லு.”

செல்வகுமாரி மைக்கைக் கீழே வைத்தாள். “மீதிப் பாட்ட அத்தயே பாடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள். எங்கள் ஊர் நடையைவிட வேகமாக நடந்தாள்.

வீரமணி அவள் போவதைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு குமரவேலிடம் மெதுவாகக் கேட்டான்.

“கோட்டு போட்டுக்கலாமாண்ணா?”

“போட்டுக்க. பெட்டிய மறைக்காத.”

அவன் முகம் மலர்ந்ததை நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன். சேவியர் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். அவர்கள் வியந்துபோய், அடுத்தமுறை செய்கிற பெட்டிகளில் திருகுக்குத் திருகு சந்தனம் அடைத்தே விற்கப் போகிறார்களாம். பிளாஸ்டிக் சந்தனம். தாடிக்காரர்கள் இப்போதே வரிசையில் நிற்கிறார்கள் என்று கேள்வி. வீரமணி அன்றாடம் மாலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில், அதை மறைக்காமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இரண்டு காதும் அறவே கேட்காமல் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.